வலது காலில் கியர்

தான் வேண்டாமென்று தள்ளிய பொருள் அடுத்தவன் கையில் பளபளப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்தே கிடையாது. திருட்டுக் கொடுத்தவனாவது நாலு பேரிடம் சொல்லி அழலாம். தானே தூக்கிக் கொடுத்தவன் யாரிடம் போய் அழுவான்?

மாஸ்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே ஷெட்டில் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கை ஒரு போர்வைக்குள் வைத்து, ஒரு முனையை அவருடைய சகலையும் மறுமுனையை அவருடைய மனைவியும் பிடித்து, தூளி ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டிருந்தார்கள். டேங்குக்குள் போட்டிருந்த பொடி ஜல்லி சலசலவென்று உருண்டு உள்துருவைச் சுரண்டியது. அந்தச் சத்தத்துக்கு மேல் மனைவியின் சிரிப்பு கேட்டது. அவள் இப்படி வாய்விட்டுச் சிரித்து மாஸ்டர் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"மெதுவா ஆட்டுங்கக்கா, புள்ள முழிச்சுக்கப் போகுது" என்றார் சகலை.

"முழிச்சா நீங்களே பால் குடுங்க டாக்டர். எனக்குக் கை விட்டுப்போச்சு" என்றாள் அவள்.

மாஸ்டருக்குக் காதிலிருந்து புகை வராததுதான் பாக்கி. முன்னறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாடம் படிக்க வந்தவர்களில் பாதிப்பேர் கழுத்தைத் திருப்பி ஷெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கிளட்ச் இங்க இருக்கு, அங்க இல்ல!" என்று மாஸ்டர் போட்ட சத்தத்தில் ஒரு நடுத்தர வயது மனிதர் கையிலிருந்த பேனாவைக் கீழே போட்டார்.

வீட்டின் முன்னறைதான் டிரைவிங் ஸ்கூல். அந்த வட்டாரத்தில் ஸ்டீயரிங் பிடிக்கிற யாரைக் கேட்டாலும் ஒரு காலத்தில் அவரிடம் திட்டு வாங்கியதாகத்தான் சொல்வார்கள். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. மற்ற இடமெல்லாம் மாஸ்டர். அவர் மனைவி, சாலைக் குறிகளைப் போர்டில் வரைந்து பாடம் எடுப்பவள், அதனால் மாஸ்டரம்மா. மாடியில் அவளுடைய தங்கையும் தங்கையின் கணவரும் குடியேறிச் சில மாதம் ஆகிறது. தங்கை கணவர் பல் டாக்டர். நாளெல்லாம் அடுத்தவர் வாயைக் குடைந்துவிட்டு வரும் மனிதனுக்கு, வீட்டுக்கு வந்ததும் வேறு எதையாவது குடைய வேண்டும்போல இருந்திருக்கிறது. வந்த புதிதிலேயே மாடிப்படிக்கு அடியில் பழைய பேப்பர் கட்டுகளுக்கும் ஈரத் துணிகளுக்கும் கீழே புதைந்து கிடந்த அந்த வண்டியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"அண்ணா, இத நான் எடுத்துச் சரி பண்ணிப் பார்க்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்குங்க. இடம் மிச்சம்" என்றார் மாஸ்டர். மனுஷன் ரெண்டு வாரத்தில் அலுத்துப்போய்ப் பழைய இரும்புக்காரனைக் கூப்பிடுவான் என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கு தப்பிவிட்டது.

டாக்டர் அலுக்கவில்லை. இறுகிப்போயிருந்த பிஸ்டனுக்கு மேல் டீசலை ஊற்றி ஊறவைத்தார். கார்புரேட்டரைப் பிரித்து, அதன் மயிரிழைத் துவாரங்களைப் பல் குடையும் ஊசியால் குடைந்தார். "இதுவும் வேர் சிகிச்சைதான் அண்ணா, என்ன, இது அழாது" என்று ஜோக் வேறு. மாஸ்டர் சிரிக்கவில்லை. வண்டியின் மேல் படிந்திருந்த கருப்பெல்லாம் போய், இன்ஜினின் அலுமினியம் வெள்ளித் தட்டுமாதிரி மினுங்க ஆரம்பித்தபோது மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதைவிட, மனைவி இறங்கிப்போவதுதான் தாங்கவில்லை. முதலில் டீ கொடுக்கப் போனாள். பிறகு டீ கொடுத்துவிட்டு நின்றாள். பிறகு டீயையே மறந்துவிட்டுப் போனாள். "அந்த நட்டு இடது மரை டாக்டர், எதிர்ப்பக்கம் திருப்பணும்" என்று அவள் சொல்ல, டாக்டர் திருப்ப, அது கழன்று வந்தது. "அக்கா, நீங்க பெரிய ஆளு!" என்று டாக்டர் கும்பிட்டார். அந்தக் கும்பிடு மாஸ்டர் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது.

வண்டி அவளுடைய அப்பாவுடையது. கல்யாணத்தின்போது மாமனார் சாவியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். ஆனால் பார்த்தது மகளைத்தான். கட்டை விரலால் சாவியைத் தடவிவிட்டுக் கொடுத்தார். ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லித்தரும் மாப்பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சீர் உண்டா என்று எல்லோரும் மெச்சினார்கள். மாஸ்டரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

ஆனால் அது பழைய காலத்து வண்டி. இப்போதைய வண்டிகளில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். இதில் தலைகீழ். வலது கால்தான் கியர் போட வேண்டும், பிரேக் இடது காலுக்கு. வண்டியே தெரியாதவனுக்கு இதில் சிரமமில்லை, சொன்னபடி மிதிப்பான். காலுக்குப் பாடம் ஏறிப்போனவனுக்குத்தான் ஆபத்து. மாஸ்டரின் கால்களோ வருஷக்கணக்காக ஊராருக்கு "வலது கால் பிரேக், வலது கால் பிரேக்" என்று ஓதி ஓதி ஊறிப்போன கால்கள். தூக்கத்தில் யாராவது கத்தினால்கூட வலது கால்தான் உதைக்கும்.

கல்யாணமான புதிதில் ஒரு காலை, பின்னால் புதுமனைவியை உட்காரவைத்துக்கொண்டு கடைவீதி முனையில் திரும்பினார். குறுக்கே தள்ளுவண்டி வந்தது. கை பிரேக்கைப் பிடித்தது, சரிதான். கூடவே வலது கால் ஓங்கி மிதித்தது. பிரேக்குக்குப் பதில் கியர் விழுந்தது. வண்டி துள்ளிக்கொண்டு போய்த் தக்காளிக் கூடைகளில் பாய்ந்தது. யாருக்கும் அடியில்லை. மாஸ்டர் மட்டும் தக்காளிக்குள் உட்கார்ந்திருந்தார். அதுவும் எங்கே? அவருடைய டிரைவிங் ஸ்கூல் விளம்பரப் பலகைக்கு நேர் கீழே.

அதோடு போயிருந்தால் யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டிருப்பார்கள். மனைவி எழுந்தாள். புடவையைத் தட்டிச் செருகிக்கொண்டாள். வண்டியை நிமிர்த்தி, ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து, "பின்னாடி ஏறுங்க, நான் ஓட்டறேன்" என்றாள். அவளுக்கு ஓட்டத் தெரியும் என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் அவளுடைய அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். மாஸ்டர் தக்காளிச் சட்டையோடு பின்னால் உட்கார்ந்து கடைவீதி முழுக்க ஊர்வலம் போனார். எவனோ ஒருவன் உரக்கக் கேட்டான்: "மாஸ்டர், மாஸ்டரம்மாகிட்ட சேர்ந்துட்டீங்களா? ஃபீஸ் எவ்ளோ?"

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டு சிரித்தாள். அவரால் முடியவில்லை. மறுநாளிலிருந்து பால் வாங்கப் போவதும் அவள்தான் அந்த வண்டியில். பின்னலைத் தோளில் போட்டுக்கொண்டு, வலது கால் நுனியால் கியரைச் செல்லமாகத் தட்டிக்கொண்டு போவாள். தெரு எழுந்து நின்று பார்க்கும். அந்த வாரமே இரண்டு பெண்கள் டிரைவிங் ஸ்கூல் வாசலில் வந்து, "உங்க வீட்டம்மா சொல்லித் தருவாங்களா?" என்று கேட்டார்கள். மாஸ்டருக்குள் ஏதோ கருகிய வாடை அன்றைக்கே அடித்தது.

டேங்கில் கசிவு வந்தால் மெக்கானிக்குகள் அவசரத்துக்குச் சோப்புக் கட்டியைத் தேய்த்து அடைப்பார்கள். பெட்ரோலில் சோப்பு கரையாது. இதை மாஸ்டர் அறிவார். அவள் குளிக்கப்போன நேரம், டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பின் ரப்பர் குழாயை உருவினார். தன் ஷேவிங் சோப்பிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி, தீக்குச்சியால் டேப்பின் துவாரத்துக்குள் அழுத்தித் திணித்தார். குழாயைத் திரும்ப மாட்டினார். அவ்வளவுதான் வேலை. ஒரு சொட்டு பெட்ரோல் இறங்கவில்லை. அவள் உதைத்து உதைத்துப் பார்த்தாள். "நம்ம மெக்கானிக்கை விட்டுப் பார்த்துட்டேன். உள்ள எல்லாமே போச்சாம், பார்ட்ஸ் கிடைக்காதாம். உங்கப்பா ஓட்டை வண்டிய நம்ம தலையில கட்டிட்டாரு" என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தையே இடித்துவிட்டார்.

அவள் கொஞ்ச காலம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வண்டியின் மேல் துணி உலர்த்தினாள்.

இத்தனைக்கும் பிறகு இப்போது அந்தப் பெட்ரோல் டேப், டாக்டரின் ஸ்டீல் தட்டில், கழற்றிப் போட்ட மற்ற உருப்படிகளோடு கிடந்தது. "அத கடைசியாப் பார்த்துக்கலாம்" என்று டாக்டர் ஒதுக்கி வைத்திருந்தார். மாஸ்டர் அந்தத் தட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் மூக்குக்கு மட்டும் ஷேவிங் சோப்பு மணத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு, குண்டுமணி அளவு சோப்பை மறைக்க வழி தெரியவில்லை.

சாப்பிடும்போது ஒருநாள் மெல்ல ஆரம்பித்தார். "உனக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தரட்டுமா? புதுசா வந்திருக்கே, கியரே கிடையாது, பட்டனைத் தட்டினா போகும்."

அவள் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "எனக்கா? இத்தனை வருஷம் இல்லாத அக்கறை இப்ப என்னங்க?"

"இல்ல, அந்தப் பழைய இரும்பு ஓடும்னு நம்பிக்கிட்டு..."

"ஓடும்" என்றாள். "டாக்டர் சொல்லிட்டாரு."

டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்த வீட்டில் வண்டி விஷயத்தில் கடைசிச் சொல் யாருடையது என்று அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது. அன்றைக்கு மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டார்.

மறுநாள் மதியம், டாக்டர் கிளினிக்கில் இருக்கும் நேரம், டேப்பை எடுத்துவிடலாமென்று ஷெட்டுப் பக்கம் போனார். உள்ளே ஆள் இருந்தது. சீட்டும் டேங்கும் இல்லாத வெறும் சட்டத்தின் மேல் ஒரு பலகையைப் போட்டு மனைவி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் ஹேண்டில்பாரில். கண் மூடியிருந்தது. வலது கால் நுனி மெல்லத் தட்டியது; இடது கை கிளட்சை விட்டது; உடம்பு ஒரு வளைவில் திரும்புவதுபோல லேசாகச் சாய்ந்தது. வாய்க்குள்ளேயே தடதடவென்று ஒரு சத்தம். நரைத்த தலையோடு, எண்ணெய்க்கறை படிந்த முந்தானையோடு, அவள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் கதவோரம் அப்படியே நின்றார். இத்தனை நாளும் சகலையைப் பார்த்துத்தான் எரிகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இல்லை. அந்தப் பல் டாக்டர் பாவம், அவருக்கு இதில் சம்பந்தமே இல்லை. எரிச்சலெல்லாம் இவள்மேல். தக்காளிக் கூடையிலிருந்து எழுந்த அன்றைக்குத் தொடங்கியது, இன்னும் அணையவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது, அவர் கண்ணைத் திறந்துகொண்டு ஓட்டியதைவிட நன்றாக இருந்தது.

அவள் இறங்கி அடுப்பைக் கவனிக்கப் போனதும் உள்ளே நுழைந்தார். தட்டிலிருந்து டேப்பை எடுத்துப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார்.

டாக்டர் தேடினார். மாடியிலிருந்து தங்கை சின்னவளும் இறங்கிவந்து தேடினாள். தட்டைக் கவிழ்த்தார்கள், ஜல்லியைச் சலித்தார்கள். கடையில் போய் வேறு டேப் வாங்கிவந்து பார்த்தார் டாக்டர், மரை சேரவில்லை. இன்னொன்று வாங்கிவந்தார், அதுவும் ஏறவில்லை. "இந்த மாடலுக்கு மரையே வேற. அசல் கிடைச்சாத்தான் உண்டு" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மாஸ்டர் முன்னறையில் இருந்தபடியே, "பழைய சாமான்னா அப்படித்தான் டாக்டர், ஒண்ணு போனா ஒண்ணு போகும்" என்று ஆறுதல் சொன்னார். வைக்கோல் போர் நாய்கூடக் குரைக்கத்தான் செய்யும், அடுத்தவருக்கு ஆறுதல் சொல்லாது.

அன்று மாலை அவள் மண்டியிட்டு ஷெட்டின் தரை முழுவதையும் கையால் தடவிப் பார்த்தாள். கடைசியில் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். மாஸ்டர் ஜன்னலுக்கு இந்தப் பக்கம், நாளைய வகுப்புக்கான விண்ணப்பங்களை அடுக்குவதுபோல நின்றிருந்தார். பேச்சு தெளிவாகக் கேட்டது.

"விடுங்க டாக்டர்" என்றாள். "இதுக்கு ராசி இல்ல. அப்பா ஓட்டை வண்டியக் குடுத்து ஏமாத்திட்டாருன்னு அன்னைக்கே சொன்னேன். சரியாத்தான் சொல்லியிருக்கேன்."

"ஓட்டை வண்டியா? யாரு சொன்னா?" டாக்டரின் குரலில் நிஜமான ஆச்சரியம். "அக்கா, இன்ஜினைப் பிரிச்சவன் நான். உள்ள தேய்மானமே இல்ல. உங்கப்பா இதக் குழந்தை மாதிரி வெச்சிருந்திருக்காரு. துரு எல்லாம் சும்மா நின்னதால வந்தது. நிக்கறதுக்கு முன்னாடி இதுல ஒரு கோளாறும் இல்ல. ஏன் நின்னுச்சுங்கறதுதான் எனக்குப் புரியல."

பலகை கிறீச்சிட்டது. அவள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அக்கா, என்னாச்சு? ஏன் அழற?" இது சின்னவள்.

"அப்பாவோட சண்டை போட்டேன்டி. ஒண்ணுக்கும் உதவாதத எங்க தலையில கட்டினீங்களேன்னு வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். 'ஓடிக்கிட்டிருந்த வண்டிம்மா'ன்னாரு, நம்பல. கடைசியில ஆஸ்பத்திரியில படுத்திருந்தாரே, அப்பக்கூட என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'வண்டி ஓடுதாம்மா?'ன்னுதான் கேட்டாரு. நான் பதில் சொல்லாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

மாஸ்டர் கையிலிருந்த விண்ணப்பங்கள் நழுவித் தரையில் பரந்தன. அவர் குனிந்து எடுக்கவில்லை. பேன்ட் பைக்குள் அந்த டேப் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. இப்போதே வெளியே போய்ச் சாக்கடையில் விட்டெறிந்தால் பூமி உள்ளவரை யாருக்கும் தெரியாது. மாஸ்டர் மாஸ்டராகவே இருக்கலாம். செத்துப்போன மாமனார் ஏமாற்றுக்காரராகவே இருப்பார். இவள் பாதி நம்பியும் பாதி நம்பாமலும் கடைசிவரை அழுவாள்.

அவர் ஷெட்டுக்குப் போனார். டேப்பை எடுத்து ஸ்டீல் தட்டில் வைத்தார். 'டிங்' என்று சத்தம் கேட்டு மூன்று பேரும் திரும்பினார்கள்.

"எங்க கிடைச்சுது அண்ணா?" டாக்டர் பாய்ந்து எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உள்ள என்னமோ அடைச்சிருக்கே." ஊசியை எடுத்து, சொத்தைப் பல்லைக் குடையும் அதே பக்குவத்தோடு குடைந்தார். மேலே கருப்பாக உதிர்ந்தது. உள்ளேயிருந்து வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கட்டி வந்து தட்டில் விழுந்தது.

மனைவி அதை விரலில் எடுத்தாள். நசுக்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள். அந்த ரோஜா நிறச் சோப்பை அவள் கண்ணாடிக்குக் கீழே தினமும் கழுவி வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். கல்யாண நாளிலிருந்து அவர் சோப்பை மாற்றியதே இல்லை.

சின்னவளுக்குச் சட்டென்று ஏதோ புரிந்துவிட்டது. "நீங்க வாங்க" என்று கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். டாக்டர் ஊசியோடே போனார்.

"நான்தான்" என்றார் மாஸ்டர்.

"எதுக்கு?"

எத்தனையோ பதில்களை அவர் யோசித்து வைத்திருந்தார். உனக்கு அடிபட்டுவிடுமோ என்று பயம், ஊர் என்ன பேசுமோ என்று கவலை. ஒன்றுகூட வாயில் வரவில்லை. "நீ என்னைவிட நல்லா ஓட்டின" என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. இப்ப எதுக்கு எடுத்து ஒளிச்சு வெச்சீங்க?"

"அதுக்கும் அதேதான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் சோப்பு ஒட்டிய விரலை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "அப்பா இல்லையே" என்றாள் கடைசியாக. "யார்கிட்டப் போய் நான் ஓடுதுன்னு சொல்றது?" பிறகு அவரைத் தாண்டி உள்ளே போனாள்.

அதற்கப்புறம் வீட்டில் சாலை விதிகளைத் தவிர வேறு பேச்சு இல்லை. அவள் வகுப்பில் போர்டில் குறிகளை வரைந்தாள், சாப்பாட்டைப் பரிமாறினாள், அவர் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டினாள். ஆனால் ஷெட்டில் பேசினாள். அவளே தையல் மிஷினில் சீட்டுக்கு உறை தைத்தாள். டாக்டர் வயர்களை இணைத்தார், பெயின்ட் அடித்தார், தங்கக் கோடு இழுத்தார். இப்போது ஜன்னலில் நின்று பார்க்க மாஸ்டருக்கு முகமில்லை. பாத்ரூம் கண்ணாடிக்குக் கீழே ஒருநாள் சோப்பு இல்லை; அவர் கேட்கவும் இல்லை, கடைக்குப் போய் வெள்ளை நிறத்தில் வேறு ஒன்று வாங்கிவந்து சவரம் செய்துகொண்டார்.

வண்டியை ஓட்டிப் பார்க்க டாக்டர் ஒரு விடுமுறை நாளைக் குறித்தார். அன்று காலை, வீடு எழுந்திருக்குமுன் மாஸ்டர் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு நடந்தே போய்விட்டு வந்தார்.

விஷயம் கேள்விப்பட்டுப் பாடம் படிப்பவர்களும் படித்து முடித்தவர்களும் வாசலில் கூடிவிட்டார்கள். கருப்பு வண்டி வெயிலில் நின்றது. டாக்டர் உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். வண்டி ஒருமுறை செருமியது, ஒருமுறை அவர் முழங்காலைத் திருப்பி அடித்தது. "பல்லைக் காட்டுது அண்ணா" என்று நொண்டிக்கொண்டே ஒதுங்கினார். மனைவி வந்தாள். இன்ஜினின் அழுத்தத்தைத் தளர்த்தும் சின்ன லிவரை விரலால் தூக்கி, கிக்கரை மெல்ல ஒரு இடம்வரைக்கும் அழுத்தி, லிவரை விட்டுவிட்டு, உடம்பின் எடையை இறக்கினாள். ஒரே உதை. தட், தட், தட் என்று இன்ஜின் பேசத் தொடங்கியது. மாடிப்படியில் நின்ற சின்னவள் கையைத் தட்டிக்கொண்டு அழுதாள்.

டாக்டர் நல்ல மனுஷன். அதுதான் அவரிடம் உள்ள பெரிய தொந்தரவு. நடந்ததையெல்லாம் மறைத்து, மாஸ்டரின் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, எல்லோரும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "முதல் ரவுண்டு மாஸ்டர்தான் போகணும். அண்ணா, வாங்க! ஊருக்கே சொல்லிக் குடுத்தவர் நீங்க."

கூட்டம் வழிவிட்டது. "மாஸ்டர்! மாஸ்டர்!" என்று இரண்டு மூன்று குரல்கள். மனைவி ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, கேலி இல்லை. என்ன செய்யப்போகிறீர்கள் என்று மட்டும் பார்த்தாள். மாஸ்டரின் வலது கால் செருப்புக்குள் தானாக ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பார்த்தது.

"எனக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியாது" என்றார் மாஸ்டர்.

யாரோ சிரித்தார்கள், ஜோக்கென்று நினைத்து.

"நிஜமாத்தான் சொல்றேன். அன்னைக்குத் தக்காளிக் கூடையில விட்டேன், இன்னைக்கும் எங்கயாவது விட்டுடுவேன். இத ஓட்டத் தெரிஞ்சவ இந்த வீட்டுல ஒருத்திதான். அவங்கப்பா சொல்லிக் குடுத்தது. நல்ல வண்டி. அவர் நல்ல வண்டியத்தான் குடுத்தாரு. நான்தான் அத ஓடவிடாமப் பண்ணினேன்."

சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். டாக்டர் தரையைப் பார்த்தார். மாஸ்டருக்குக் காது இரண்டும் கொதித்தன, ஆனாலும் சொல்லிவிட்டார்.

மனைவி புடவையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். அவர் இரண்டடி முன்னால் வந்து, பின்சீட்டின் மேல் கை வைத்தார். அவள் தைத்த உறையில் தையல், நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்கு வேண்டாம்" என்றாள். "இன்னைக்கு அப்பாவோட போயிட்டு வரேன்."

அவர் கையை எடுத்தார். வலது கால் நுனி கியரைத் தட்டியது, செல்லமாக, அன்றைக்குத் தட்டிய அதே மாதிரி. வண்டி கூட்டத்தைக் கடந்து, தெருமுனையில் லேசாகச் சாய்ந்து, திரும்பி மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கட்டிடங்களுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவள் ஓட்டுகிற அழகைப் பார்த்துப் பொறாமை, செத்துப்போயும் பின்சீட்டில் இடம் பிடித்துக்கொண்ட மாமனாரைப் பார்த்துப் பொறாமை. இந்த வயதில் அது போகும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

கூட்டம் கலைந்தது. சின்னவள் தெருமுனைவரை போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"என்ன அத்தான், அக்காவ இன்னும் காணோம்? ஒரு ரவுண்டுன்னுதானே போனா?"

"வர லேட்டாகும்" என்றார் மாஸ்டர். "காலைல டேங்க் வழிய வழிய ஊத்தி வெச்சிருக்கேன்."